தாங்குசுவரை எடுத்துவிட்டு இரும்பு பீம் வைப்பது: தண்டையார்ப்பேட்டைப் பழைய வீட்டுக்கு ஆலோசனை தேவை

கடலோர வீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு தண்டையார்ப்பேட்டையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள், இரு பக்கமும் பொதுச்சுவர் உள்ள ஒரு குறுகிய சந்தில் இருக்கிறது. கீழ்த்தளத்தைத் தாத்தா 1948ஆம் ஆண்டு செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டினார். அதன் கூரை, தேக்கு உத்திரங்களின் மேல் அச்சுக்கல்லைச் சாய்வாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த மெட்ராஸ் டெரஸ். அப்பா 1986இல் அதன்மேல் ஒரு மாடி எடுத்து, கான்கிரீட் தளம் போட்டு, மொட்டைமாடியில் தட்டோடு பதித்தார்.

அம்மா இப்போது திண்ணையில் நடத்தும் இட்லிக் கடையை உள்ளே விரிவாக்க நினைக்கிறோம். அதற்காக முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரை எடுக்க வேண்டும். அந்தச் சுவர் 14 அடி நீளம், 9 அங்குலத் தடிமன். அதன் இரு பக்கமும் உள்ள அறைகள் 10 அடி அகலம் கொண்டவை. இரு அறைகளின் தேக்கு உத்திரங்களும் ஒன்றரை அடிக்கு ஒன்றாக இந்தச் சுவரின் மேல்தான் வந்து அமர்கின்றன. மாடியிலும் இதே கோட்டில் 9 அங்குலச் சுவர் ஒன்று நிற்கிறது.

வெல்டிங் வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "200 மி.மீ. உயர ஐ பீம் ஒன்று குறுக்கே, இரண்டு ஓரத்திலும் 150 பீமைத் தூணாக நிறுத்தித் தரையில் பிளேட் வைத்து போல்ட் போட்டுவிடலாம், ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட் அடித்தால் போதும், மூன்று நாளில் முடிந்துவிடும்" என்றார். இடித்த கிடங்கு ஒன்றிலிருந்து எடுத்த பழைய பீம்கள் கிலோவுக்குக் குறைந்த விலையில் கிடைப்பதாகவும் சொன்னார். அவர் சொல்வதைத் தவறென்று சொல்லும் அறிவு எனக்கு இல்லை. ஆனால் அந்தச் சுவருக்கு நேர்மேலே உள்ள அறையில்தான் அம்மா உறங்குகிறார். அந்த அறைச் சுவரில் ஏற்கெனவே சாய்வாக ஒரு மெல்லிய விரிசல் ஓடுகிறது. அது எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

200 பீம் போதுமா, தூணுக்கு 150 சரியா, பழைய பீமை வாங்கலாமா, கடற்காற்றுக்கு ரெட் ஆக்ஸைடு தாங்குமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கம்பிக்கணக்கு எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் கட்டமைப்புப் பொறியாளர்; பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் பழைய வீடுகளில் இவ்வகை வேலைகளுக்குக் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. இருந்தாலும் நீங்கள் கொடுத்த அளவுகளைக் கொண்டே முதல் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கிறது: 200 பீம் போதாது, அதுவும் சிறிய வித்தியாசத்தில் அல்ல.

கணக்கை அப்படியே எழுதுகிறேன். இரு பக்க அறைகளும் ஏறத்தாழ 3 மீட்டர் என்றால், ஒவ்வொன்றிலும் பாதியாக மொத்தம் 3 மீட்டர் அகலத் தளத்தின் சுமை இந்தச் சுவருக்கு வருகிறது. மெட்ராஸ் டெரஸின் சொந்த எடையோடு, குடியிருப்புக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சொல்லும் சதுர மீட்டருக்கு 200 கிலோ புழக்கச் சுமையையும் சேர்த்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 620 கிலோ. மொட்டைமாடிக் கான்கிரீட் தளமும் தட்டோடும் அதன் புழக்கச் சுமையும் சேர்ந்து சுமார் 650 கிலோ. மாடிச் சுவர் 3 மீட்டர் உயரம் என்று கொண்டால் மீட்டர் நீளத்துக்கு 1,350 கிலோ. பீமின் சொந்த எடையையும் சேர்த்து எல்லாவற்றையும் கூட்டினால், நீங்கள் எடுக்க நினைக்கும் சுவர் இன்று மீட்டருக்குச் சுமார் 5.2 டன் வீதம், 4.2 மீட்டர் நீளத்தில் மொத்தம் 22 டன் சுமையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இந்தச் சுமையால் பீமின் நடுவில் உண்டாகும் பெண்டிங் மொமென்ட் (பீமை வளைக்கப் பார்க்கும் திருப்பம்) சுமார் 11.5 டன்-மீட்டர். ஐ.எஸ். 800 விதிப்படி சுமையை ஒன்றரை மடங்காக உயர்த்திப் பார்க்க வேண்டும் என்பதால் 17 டன்-மீட்டருக்கு மேல் தாங்கக்கூடிய பீம் தேவை. வழக்கமாகக் கிடைக்கும் 250 மெகாபாஸ்கல் வலிமை கொண்ட இரும்பில் ஒரு 200 பீம் தாங்குவது இதில் மூன்றில் ஒரு பங்குதான். உடைவது ஒரு புறம் இருக்கட்டும். கணக்குப்படி அது நடுவில் 45 மி.மீ.க்கு மேல் தொய்ய வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு அங்குலம். உங்கள் பென்சில் கோட்டைத் தாண்டி அந்த விரிசல் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒற்றை 300 பீமும் இதற்குப் போதவில்லை. ஒற்றை 350 பீம் தாங்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் விரும்புவது பக்கம் பக்கமாக வைத்த இரண்டு 250 பீம்கள். அவை சேர்ந்து 21 டன்-மீட்டர் தாங்கும், தொய்வு 10 மி.மீ. அளவில் நிற்கும். இரும்பு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு 250 பீமின் தலைப்பட்டை (மேல்புறத் தட்டைப் பகுதி) 125 மி.மீ. அகலம் என்பதால், இரண்டும் சேர்ந்தால் 9 அங்குலச் சுவரின் முழு அகலமும் பீமின்மேல் உட்காரும். ஒற்றை 350 பீமின் தலை 140 மி.மீ.தான், சுவரின் இரு விளிம்பும் பிதுங்கி நிற்கும். மேலும் 4.6 மீட்டர் நீளமுள்ள 250 துண்டு ஒன்று சுமார் 172 கிலோ. கிரேன் நுழைய முடியாத சந்தில் அதை எட்டு பேர் தோளில் கொண்டுவந்துவிடலாம். 350 பீம் என்றால் அதே நீளம் 240 கிலோ.

இனித் தூண். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐ வடிவம் படுத்த நிலையில் பீமாக வேலை செய்வதற்கென்றே அமைந்தது. ஒரு திசையில் மிகவும் உறுதி, மறு திசையில் மெலிவு. அதை நிறுத்தித் தூணாக்கினால், சுமை வந்ததும் அது அந்த மெலிந்த பக்கமாகத்தான் வளைந்து ஒதுங்கப் பார்க்கும். 150 பீமின் மெலிந்த அச்சுக்கான சுழற்சி ஆரம் (அந்தப் பக்கம் வளைவதை எவ்வளவு எதிர்க்கும் என்பதைக் காட்டும் அளவு) 16 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. 3 மீட்டர் உயரத்தை அதனால் வகுத்தால் வரும் மெலிவு விகிதம் ஐ.எஸ். 800 அனுமதிக்கும் 180 என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. எடையைக் கணக்கில் எடுப்பதற்கு முன்பே அந்தத் தூண் தள்ளுபடி ஆகிறது. அதற்குப் பதிலாக இரண்டு 150 சேனல்களை (ப வடிவ இரும்பு) வாய்க்கு வாய் வைத்து, நீளவாக்கில் வெல்டிங் செய்து பெட்டியாக்குங்கள். 150-க்கு 150 சதுரத் தூண் கிடைக்கும், அதன் மெலிவு விகிதம் 55-க்குள் இருக்கும், எந்தப் பக்கமும் அதற்கு மெலிந்த பக்கம் இல்லை.

ஒவ்வொரு தூணின் அடியிலும் 11 டன் இறங்கும். இன்று 14 அடி நீளத்துக்குப் பரவியிருக்கும் சுமை, நாளை இரண்டு கையகல இடங்களில் குவியும். தரையில் பிளேட் வைத்து போல்ட் போடுவது என்றால் அந்தத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது? இதற்கு விடை தெரியாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. சுவர் ஓரமாக ஒரு சிறு குழி தோண்டி, செங்கல் அடித்தளம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், அடியில் மணலா களிமண்ணா என்று பார்த்து எழுதுங்கள். உத்திரங்களின் முனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள். சுவரில் கை வைக்கும் முன் மாநகராட்சி அனுமதியைப் பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பட்டறை மூத்தவர் எழுதியது:

மகளே, பொறியாளர் சொன்ன கணக்கில் நான் கை வைக்க மாட்டேன். திருவொற்றியூரில் 31 ஆண்டுகள் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் இரும்பைப் பற்றியும் துருவைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். எர்ணாவூரில் நான் வீடு கட்டியபோது மாடிக் குளியலறையின் அடியில் ஒரு 200 பீம் வைத்தேன். நானே அடித்த ரெட் ஆக்ஸைடு, அதன்மேல் எனாமல், பார்க்கப் பளபளவென்று இருந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சுவரில் பீம் நுழையும் இடத்தில் சாந்து உப்பி வெடித்தது. கொத்திப் பார்த்தால், அறைக்குள் தெரிந்த பீம் நன்றாக இருந்தது. சுவருக்குள் போன ஒரு சாண் நீளம் மட்டும் வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரிந்து கையோடு வந்தது. சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணி போல் ஒலிக்கும். அந்த இடத்தில் மரத்தைத் தட்டியது போல் ஓசை வந்தது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கும், அந்தப் பருமன்தான் சுவரைப் பிளந்தது. வண்ணம் எட்டாத, காற்று உலர்த்தாத, ஈரம் தங்குகிற இடம்தான் முதலில் போகும் என்பதைத் தொழில் தெரிந்த நானே அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

உங்களுக்குக் கடற்காற்றின் உப்போடு இட்லிக் கொப்பரையின் ஆவியும் நாள் முழுக்கச் சேரும். ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட் அதற்கு ஈடு கொடுக்காது. துத்தநாக முலாம் பூசிவிடுவது நல்லது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறையில் 5 மி.மீ.க்கு மேல் தடிமன் உள்ள இரும்புக்கு ஐ.எஸ். 4759 கேட்பது சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது 86 மைக்ரான் பூச்சு. வெட்டுவது, துளையிடுவது, பிளேட் பற்றவைப்பது எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் முலாமுக்கு அனுப்ப வேண்டும். பிறகு வீட்டில் வைத்து வெல்டிங் அடித்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அந்தப் புகையும் உடம்புக்கு ஆகாது. அதனால் இணைப்புகளை போல்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். சேனல் பெட்டித் தூணில் மேலும் கீழும் காற்றுத் துளை விட மறக்கக் கூடாது. துளை இல்லாமல் மூடிய பெட்டியைக் கொதிக்கும் துத்தநாகத்தில் இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து அது வெடிக்கும், அங்கே நிற்கும் தொழிலாளிகளின் உயிருக்கு ஆபத்து.

முலாம் கட்டுப்படியாகாது என்றால், மணல் வீச்சில் வெள்ளை இரும்பாகச் சுத்தம் செய்து, துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர், அதன்மேல் எபாக்ஸி என்று அடிக்கலாம். கம்பி பிரஷ்ஷால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அடித்தால் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட்டும் உரிந்துவிடும். எங்கள் பக்கம் வெளியில் கிடந்த இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும்; நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்தாமல் பிரைமர் அடிக்கவே கூடாது. பீமை வலைக்கம்பி சுற்றி 50 மி.மீ. கான்கிரீட்டில் மூடிவிடுவதும் உண்டு. அடுப்புக்கு மேலே இருக்கிற பீமுக்கு அதில் இன்னொரு நன்மை இருக்கிறது: 550 டிகிரி வெப்பத்தை நெருங்கும்போது இரும்பு தன் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும், கான்கிரீட் உறை அந்த வெப்பம் உள்ளே போகாமல் வெகுநேரம் காக்கும்.

பழைய பீமை நான் முற்றாக மறுக்கவில்லை. மண்ணடியில் இடித்த கட்டடங்களிலிருந்து டோர்மன் லாங் முத்திரை போட்ட சீமை பீம்கள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. சில அன்று உருட்டியது போலவே இருந்தன. ஆனால் அந்தக் காலத்து இரும்பில் என்ன கலவை என்பது தெரியாமல் அதில் வெல்டிங் அடிக்கக் கூடாது, பற்று ஓரத்திலேயே விரிசல் விடலாம். பழையதைப் பார்க்கப் போனால் தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்றைக் கொண்டுபோங்கள். 250 பீமின் செங்குத்தான நடுப்பட்டை 6.9 மி.மீ., தலைப்பட்டை 12.5 மி.மீ. இருக்க வேண்டும். தலைப்பட்டை ஓரத்தில் மெலிந்தும் உள்ளே தடித்தும் சரிவாக இருக்கும், ஆகவே ஓரத்துக்கும் நடுப்பட்டைக்கும் பாதித் தூரத்தில் அளக்க வேண்டும். நீளவாக்கில் நூல் கட்டி வளைவையும் பாருங்கள். முக்கியமாக, பழைய சுவருக்குள் இருந்த முனைகளைச் சுத்தியலால் தட்டுங்கள்.

புதிதாக வாங்கினால் சாத்தங்காடு இரும்பு அங்காடியில் எடையில்தான் தருவார்கள். 250 பீம் மீட்டருக்கு 37.3 கிலோ, 12 மீட்டர் முழு நீளம் சுமார் 448 கிலோ. எடைச் சீட்டில் இதைவிடக் கணிசமாகக் குறைந்தால் மெலிதாக உருட்டிய சரக்கு என்று பொருள். விலை குறைகிறதே என்று மகிழ்ந்து ஏற்றிவிடாதீர்கள். ஆலையின் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்கி, அதில் உள்ள எண் பீமின்மேல் எழுதிய எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். துண்டுகளை அங்கேயே அளவுக்கு வெட்டி எடுத்துவந்தால் சந்தில் திருப்பும் தொல்லை இருக்காது.

கடலோர வீடு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். தம்பியும் நானும் அந்தக் கிடங்குக்குப் போய்ப் பழைய 250 பீம் ஒன்றை அளந்தோம். நடுவில் 6.9 காட்டிய வெர்னியர், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 5.1 காட்டியது, தட்டியபோது பட்டறை ஐயா சொன்ன அதே மரத்து ஓசை. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

சுவர் ஓரம் குழி தோண்டியதில் செங்கல் அடித்தளம் மூன்றரை அடி ஆழம் போகிறது. கீழே போகப் போகப் படிபடியாக அகன்று, அடியில் இரண்டரை அடி அகலம் இருக்கிறது. அதன் கீழே சுத்தமான கடல் மணல். உத்திரங்களில் இரண்டின் முனைகளில் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அங்குலம் எளிதாக இறங்குகிறது. மற்றவை கெட்டியாக இருக்கின்றன.

தூணுக்குத் தனியாக அடித்தளம் போட வேண்டும் என்றால் இரண்டு ஓரமும் பக்கத்து வீட்டுப் பொதுச்சுவர். அங்கே ஆழமாகத் தோண்ட எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா ஐயா?

கம்பிக்கணக்கு எழுதியது:

உங்கள் பயம் முற்றிலும் நியாயமானது. மணலில் பழைய அடித்தளத்துக்குக் கீழே தோண்டினால் அதன் அடியிலிருந்து மணல் சரிந்து வரும். பக்கத்து வீட்டுச் சுவர் அன்றிரவே இறங்கலாம். தோண்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தேவையான அடித்தளத்தைத் தாத்தா 1948லேயே போட்டுவிட்டார். இந்த 22 டன்னை இத்தனை ஆண்டுகளாக மண்ணுக்குப் பரப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டரை அடி அகலச் செங்கல் வரிசைதான். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 டன் என்ற அழுத்தத்துக்கு அந்த மணல் பழகியிருக்கிறது. தூண்களில் குவியும் சுமையை மறுபடியும் அதே 14 அடி நீளத்துக்குப் பரப்பிவிட்டால், மண்ணுக்கு எதுவும் மாறவில்லை. கீழ்ச் சுவரின் எடை போவதால் கொஞ்சம் குறையவும் செய்யும்.

அதற்குத் தரைமட்டத்துக்குக் கீழே, அந்தச் செங்கல் படிகளின்மேல், சுவரின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக 200 மி.மீ. அகலம், 450 மி.மீ. ஆழத்தில் இரண்டு கான்கிரீட் பீம்கள் வார்க்கலாம். சுவரின் அடிப்பகுதியில் இடைவெளி விட்டுத் துளையிட்டுக் குறுக்குக் கம்பிகளால் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, இரு முனையிலும் தூணுக்கான பீடத்தையும் சேர்த்தே வார்க்க வேண்டும். இந்தக் கட்டம் வரை சுவரை இடிக்க வேண்டியதே இல்லை. ஒன்றை மட்டும் கொத்தனாரிடம் கூடவே நின்று கவனியுங்கள்: இது தலைகீழ் பீம். இரு முனையிலும் தூண் கீழே அழுத்த, நடுவில் மண் மேல்நோக்கித் தள்ளும். ஆகையால் முக்கியக் கம்பிகள் மேல்பக்கம் வர வேண்டும். கை பழகிய வேலை என்பதால் எல்லா பீமுக்கும் போடுவது போல் கீழே போட்டுவிடுவார்கள். கான்கிரீட் மூடிய பிறகு அது யாருக்கும் தெரியாது.

அது நன்றாக இறுகிய பிறகு, இரு அறைகளிலும் உத்திரங்களுக்குக் குறுக்கே சட்டம் கொடுத்து, கீழே ஜாக்கிகளை நெருக்கமாக நிறுத்தித் தளத்தின் எடையை வாங்கிக்கொள்ளுங்கள். மாடி அறைகளிலும் அதே நேர்கோட்டில் மொட்டைமாடித் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு சுவரின் இரு முனைகளிலும் தூணின் அகலத்துக்கு மட்டும் வெட்டித் தூண்களை நிறுத்தி, அடிப் பிளேட்டுக்கும் பீடத்துக்கும் நடுவே சுருங்காத கிரவுட் (ஊற்றி நிரப்பும் சிமென்ட் கலவை) நிரப்புங்கள்.

இரட்டை பீம் என்று நான் சொன்னதன் முழுப் பயன் இப்போதுதான் வருகிறது. உத்திரங்களுக்குக் கீழே சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் பாதித் தடிமனுக்குக் குடைந்து, முதல் பீமை நுழைத்து, அதன் தலைக்கும் செங்கல்லுக்கும் நடுவே இரும்பு ஆப்புகளை அடித்து இறுக்கி, இடைவெளியில் ஈரம் குறைந்த சாந்தைக் கெட்டியாக இடித்து நிரப்ப வேண்டும். அந்தச் சாந்து வலுவடையும் வரை மறுபக்கத்தைத் தொடக் கூடாது. அதன் பிறகு மறுபக்கம் குடைந்து இரண்டாவது பீம். பின்பு இரண்டின் நடுப்பட்டைகளிலும் முன்பே இட்ட துளைகள் வழியாக, நடுவே குழாய்த் துண்டு வைத்து, போல்ட்டால் பிணைத்துவிடலாம். ஆப்பை இறுக்கும்போதே பீம் சுமையை வாங்கிக் கொஞ்சம் வளைந்துவிடுவதால், பிறகு மாடிச் சுவர் இறங்கும் அளவு வெகுவாகக் குறையும். உளுத்த இரண்டு உத்திர முனைகளுக்கும் இரு பக்கமும் 100 சேனலை அணைத்து, நல்ல மரம் உள்ள இடம் வரை போல்ட் போட்டு, சேனலின் முனையை பீமின்மேல் உட்கார வையுங்கள்.

இவை முடிந்த பிறகே கீழ்ச் சுவரை மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுக்க வேண்டும். டிரில்லிங் மெஷின் வேண்டாம், சுண்ணாம்புக் கட்டுக்கு உளியே போதும். ஜாக்கிகளை ஒரே நாளில் கழற்றிவிடாதீர்கள். நடுவிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டு, மாடியில் நீங்கள் தேதி எழுதிய அந்தப் பென்சில் கோட்டைப் பாருங்கள். விரிசல் அதைத் தாண்டியிருந்தால் ஜாக்கியைத் திரும்ப ஏற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள். தாண்டாமல் இருந்தால் அடுத்த கால் சுற்று.